காசு யார் கொடுத்தது என்று கேட்ட பிறகு செய்ய வேண்டியவை

"இந்த ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தது யார்?" நல்ல கேள்வி. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதோடு வேலை முடிந்ததென்று எழுந்து போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் வருத்தம்.

என் மைத்துனர் வாட்ஸப்பில் அனுப்புவார்: காலநிலை மாற்றம் என்று கூவுகிற விஞ்ஞானிகள் எல்லாரும் நிதிக்காகத்தான் கூவுகிறார்கள். என் மகள் அனுப்புவாள்: இதை மறுக்கிற ஆள் எண்ணெய்க் கம்பெனியிடம் காசு வாங்கியவர், படிக்கவே தேவையில்லை. இரண்டு பேரும் ஒரே வாதத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆடிட்டர். அதனால் இருவருமே என்னைத் தங்கள் கட்சிச் சாட்சியாக நினைக்கிறார்கள்.

தணிக்கையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம் இது. ஒரு கம்பெனி தன் இயக்குநரின் மச்சானிடம் சரக்கு வாங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அது மோசடி என்று எழுதிவிட முடியாது. ஆனால் எந்த வவுச்சரை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். ஆய்வுக் கட்டுரையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் காசு எங்கே எழுதியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

செய்தியைப் படிக்காதீர்கள், கட்டுரையை எடுங்கள். முழுக்கட்டுரைக்குக் கட்டணம் கேட்டாலும் நிதி விவரமும் நலமுரண் அறிக்கையும் (எழுதியவருக்கு இதில் சொந்த லாபம் உண்டா என்ற அறிவிப்பு) பல சமயம் இலவசமாகவே தெரியும். கட்டுரையின் கடைசியில், நன்றியுரைக்குப் பக்கத்தில் பாருங்கள். அங்கே மூன்று வகைப் பணம் இருக்கலாம்: இந்த ஆய்வுக்கென்றே வந்த நிதி, ஆய்வாளர் தனியாக வாங்கிய ஆலோசனைக் கட்டணம் அல்லது வைத்திருக்கும் பங்கு, அவருடைய சம்பளம். முதலாவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும்.

பிறகு ஒரு வரியைத் தேடுங்கள்: நிதி அளித்தவருக்கு ஆய்வு வடிவமைப்பிலோ, தரவு அலசலிலோ, வெளியிடும் முடிவிலோ பங்கில்லை என்கிற வரி. அது இருந்தால் பாதி நிம்மதி. "நிதி அளித்தவர் வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னார்" என்று இருந்தால் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டுரைகளில் இதெல்லாம் இருக்காது. 1967இல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில், இதயநோய்க்கு உணவில் எது காரணம் என்று ஒரு மறுஆய்வு வந்தது. சர்க்கரையின் பங்கைக் குறைத்து, கொழுப்பின் மேல் விரலை நீட்டியது. எழுதியவர்கள் ஹார்வர்டுக்காரர்கள். அதற்கு அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது, வரைவுகளையும் வாங்கிப் பார்த்திருந்தது. பழைய கடிதங்களை ஆவணக்காப்பகத்தில் தோண்டி எடுத்து 2016இல்தான் இதை வெளியிட்டார்கள். அந்த இதழே ஆசிரியர்களிடம் பண விவரம் கேட்க ஆரம்பித்தது 1984இல். எனவே ஒரு பழைய கட்டுரையில் நிதி விவரம் இல்லையென்றால் பணம் இல்லை என்று அர்த்தமில்லை, கேட்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு இடுக்கு: ஆராய்ச்சி மையங்கள். கட்டுரையில் மையத்தின் பெயர்தான் இருக்கும். மையத்தை யார் நடத்துகிறார்கள் என்பது அதன் ஆண்டறிக்கையில் இருக்கும். பல்கலைக்கழக எரிசக்தி மையங்களின் அறிக்கைகளைச் சொல் சொல்லாக அலசி 2022இல் நேச்சர் கிளைமேட் சேஞ்சில் ஒரு ஆய்வு வந்தது. இயற்கை எரிவாயுத் தொழிலிடம் நிதி வாங்கும் மையங்கள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட எரிவாயுவைப் பற்றிக் கனிவாக எழுதியிருந்தன. மற்ற மையங்களில் அந்தக் கனிவு எரிவாயுவுக்குக் கிடைக்கவில்லை. யாரும் பொய் சொன்னதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. தொனி சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணம் எந்த வழியில் வேலை செய்கிறது

எண்ணைத் திருத்துவது அபூர்வம். அது முட்டாள்கள் செய்வது, மாட்டிக்கொள்வார்கள். பணம் பெரும்பாலும் கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. 1953 டிசம்பரில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் கூடினார்கள், 1954இல் ஒரு ஆராய்ச்சிக் குழுவை ஆரம்பித்தார்கள். அந்தக் குழு நிதி கொடுத்த ஆய்வுகளில் பல ஒழுங்கான அறிவியல்தான். மரபணு, உடலமைப்பு, வைரஸ் என்று நுரையீரல் புற்றுக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று தேடின. ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியாகத் தேறும். மொத்தமாக அடுக்கினால் ஒரே ஒரு கேள்வி மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆகவே கட்டுரையின் தலைப்பைப் படித்ததும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: இதைப் பற்றி நான் என் சொந்தக் காசில் ஆராய்வதாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன்? அதுவும் கட்டுரையின் கேள்வியும் ஒன்றா? எதோடு எதை ஒப்பிட்டிருக்கிறார்கள்? புது மருந்தை நல்ல பழைய மருந்தோடு ஒப்பிட்டார்களா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடா? எரிவாயுவை நிலக்கரியோடு ஒப்பிட்டார்களா, காற்றாலையோடா?

அடுத்து, முடிவுரையை ஒரு தாளால் மூடிக்கொண்டு, அட்டவணையைப் பார்த்து நீங்களே முடிவுரை எழுதுங்கள். இது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் மருந்து ஆய்வுகளைப் பற்றி 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு 75 கட்டுரைகளைத் தொகுத்துச் சொன்னது இதைத்தான்: தயாரிப்பாளர் நிதியளித்த ஆய்வுகளில் மருந்து பலனளித்ததாக வருவது 27% அதிகம், சாதகமான முடிவுரை வருவது 34% அதிகம், அட்டவணையும் முடிவுரையும் ஒத்துப்போவது குறைவு. வழக்கமான தரச் சோதனைகளில் இந்த ஆய்வுகள் மோசமில்லை, சிலவற்றில் மேல்கூட. அதாவது புத்தகம் சுத்தமாக இருக்கிறது, சாய்வு மட்டும் இருக்கிறது. எந்த ஆடிட்டருக்கும் வயிற்றைக் கலக்கும் நிலைமை அதுதான்.

தனியார் பணம்தான் கெடுக்கிறது, அரசுப் பணம் புனிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க அரசின் இதய நுரையீரல் நிறுவனம் நிதியளித்த பெரிய இதயநோய் ஆய்வுகளை 2015இல் எண்ணிப் பார்த்தார்கள். 2000க்கு முன் வந்த 30இல் 17 ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொன்னன. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற விதி 2000 வாக்கில் வந்தது. அதற்குப் பின் வந்த 25இல் 2தான் அப்படிச் சொன்னன. காசு கொடுத்தவர் மாறவில்லை. விளைவைப் பார்த்துவிட்டு இலக்கை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் போனது, வெற்றிகளும் போயின. எனவே நிதி விவரத்துக்குப் பிறகு நான் பார்ப்பது முன்பதிவு இருக்கிறதா என்பதை. சில நாள் அதை முதலிலேயே பார்க்கிறேன்.

இரண்டு தரப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை, அதிகப் பலன் தருவதும் இதுவே. ஒரு உதாரணத்தை முழுசாகச் செய்து காட்டுகிறேன்.

அமெரிக்காவில் பெட்ரோலோடு மக்காச்சோள எத்தனால் கலக்க வேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது, 2007இல் அது விரிவானது. காலநிலைக்கு நல்லது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இது உண்மையா? 2019இல் வந்த, அமெரிக்க வேளாண் துறை சார்ந்த ஆய்வு, எத்தனாலின் கார்பன் சுமை பெட்ரோலைவிட 39% குறைவு என்றது. 2022இல் அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் வந்த ஆய்வு, அது பெட்ரோலைவிடக் குறைவே இல்லை, குறைந்தது 24% அதிகமாக இருக்கவே வாய்ப்பு என்றது.

மைத்துனர் முறைப்படி பார்த்தால்: வேளாண் துறையின் வேலையே விவசாயிக்குச் சந்தை தேடித் தருவது, எனவே முதல் ஆய்வைத் தூக்கி எறி. எதிர்த்தரப்பும் அதே முறையில் பேசலாம்: இரண்டாவது ஆய்வுக்கு வந்த நிதியில் ஒரு பகுதி தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பினுடையது, புல்வெளி உழப்படுவதை எதிர்ப்பவர்கள், எனவே அதையும் எறி. கையில் ஒன்றும் மிஞ்சாது. காசை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எல்லாத் தீர்ப்பும் இப்படித்தான் முடியும்.

அதற்குப் பதில் தாளில் இரண்டு பத்தி கோடு போடுங்கள். உரம், டிராக்டர் டீசல், ஆலை எரிபொருள், போக்குவரத்து, நிலம் என்று ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டு பேரும் என்ன எண் வைத்திருக்கிறார்கள் என்று நிரப்புங்கள். எல்லா எண்ணும் புரிய வேண்டியதில்லை. சண்டை பரவிக் கிடக்காது, பெரும்பாலும் ஓரிரு வரியில் குவிந்திருக்கும். இங்கே அது நிலம். எத்தனால் தேவை கூடியதால் எத்தனை புல்வெளி சோளக் காடானது, அப்படி உழும்போது மண்ணிலிருந்து எவ்வளவு கார்பன் வெளியேறியது? 2022 ஆய்வு, சட்டத்தால் மக்காச்சோள விலை 30% ஏறியது, 2008 முதல் 2016 வரை சோளப் பரப்பு 8.7% கூடியது என்று கணக்கிட்டு அந்தக் கார்பனையும் சேர்த்தது. மற்ற ஆய்வில் புது நிலத்தில் பயிரிடுவது மண்ணில் கார்பனைச் சேர்ப்பதாகவும் ஒரு கணக்கு உண்டு.

இப்போது கேள்வி சின்னதாகிவிட்டது. உழாத நிலத்தை உழுதால் மண்ணின் கார்பன் கூடுமா குறையுமா? இதற்கு எத்தனாலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மண்ணியல்காரர்களின் ஆய்வுகள் ஏராளம். அங்கே போங்கள். சண்டையில் பங்கில்லாதவரிடம் கேட்கும்படி கேள்வியைச் சுருக்குவதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம். புல்வெளியை உழுதால் கார்பன் போகும் என்பதில் அவர்களுக்குப் பெரிய தகராறு இல்லை. பரப்பு எவ்வளவு கூடியது என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. நான் 2022 ஆய்வின் பக்கம் சாய்கிறேன். 24% என்ற எண்ணுக்காக இல்லை, திசைக்காக.

"எல்லாம் நிதிக்காக" என்ற குற்றச்சாட்டைச் சோதிப்பது எப்படி

மைத்துனருடைய வாதத்தைக் கேலி செய்யாமல் எடுத்துக்கொள்ளலாம். அது சரியென்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? எதிர்ப்பக்கம் லாபம் உள்ளவர்கள் தங்களுக்குள் மட்டும் கணக்குப் போட்டபோது வேறு விடை வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த கணிப்புகளை 2023இல் சயன்ஸ் இதழில் சரிபார்த்தார்கள். 63 முதல் 83% கணிப்புகள் பின்னால் நடந்ததோடு பொருந்தின. பத்தாண்டுக்குச் சராசரி 0.20 டிகிரி சூடேறும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பயமுறுத்தினால் யாரும் அவர்களுக்கு நிதி தரப்போவதில்லை. அடுத்து ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர், வெப்பநிலைப் பதிவுகளை நம்பாதவர். பெர்க்லி எர்த் என்று ஒரு குழு அமைத்து எல்லாத் தரவையும் புதிதாகக் கூட்டினார். எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் 1,50,000 டாலர் கொடுத்தது. 2011இல் வந்த விடை, பூமி சூடாகிறது, பழைய பதிவுகள் சரி. அலபாமா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் வெப்பநிலைத் தரவை நடத்துபவர்கள், காலநிலைப் பீதி மிகையானது என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள். செயற்கைக்கோள் மெல்லக் கீழிறங்குவதையும் அது கடக்கும் நேரம் நகர்வதையும் மற்றவர்கள் சுட்டிக்காட்டித் திருத்தங்கள் வந்த பிறகு, அவர்கள் தரவிலும் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் தெரிகிறது.

இன்னும் பின்னால் போகலாம். கரியமில வாயு இரட்டித்தால் எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் கணக்குப் போட்டது 1896இல். 1938இல் சூடேற்றத்தைப் பதிவுகளில் காட்டிய காலெண்டர் என்பவர் ஒரு நீராவிப் பொறியாளர், ஓய்வு நேரத்தில் செய்தார். அப்போது காலநிலை நிதி என்று ஒன்று இல்லவே இல்லை. 1958இல் ஹவாயின் மவுனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்த கீலிங்குக்கு 1964இல் பணம் நின்று சில மாதங்கள் அளவீடு விட்டுப்போனது. பணம் திரும்பியதும் கோடு விட்ட இடத்திலிருந்து அதே போக்கில் ஏறியது. அன்றைக்கு 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) பக்கம், இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் மகள் கைதட்டுவாள். கொஞ்சம் பொறு என்பேன்.

காலநிலைப் பக்கத்திலும் பலனை எதிர்பார்க்கும் சாய்வு உண்டு, அடிப்படை அளவீட்டில் அல்ல, விளைவுகளைப் பற்றிய கட்டுரைகளில். ஆர்சிபி 8.5 என்று ஒரு எதிர்காலக் கற்பனை இருக்கிறது. நிலக்கரிப் பயன்பாடு இந்த நூற்றாண்டில் பல மடங்கு பெருகும் என்று வைத்துக்கொண்ட உச்சநிலைக் கணக்கு. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை "இப்படியே போனால்" என்று அழைத்தன. 2020இல் நேச்சர் இதழில் காலநிலை ஆய்வாளர்கள் இருவரே, இது தவறான அழைப்பு, இதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். பெரிய விளைவு பெரிய இதழில் வரும், செய்தியாகும், அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்க உதவும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. எனவே 2100 பற்றிப் பயங்கரமான தலைப்பு கண்ணில் பட்டால், கட்டுரைக்குள் 8.5 என்று தேடுங்கள். அது மட்டும்தான் இருக்கிறது, நடுத்தரக் கணக்கு எதுவும் இல்லை என்றால் தலைப்பைப் பாதியாக நம்புங்கள்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் போய்விடலாம் என்று ஒரு வரி வந்தது. ஆய்விதழில் வந்ததல்ல, ஒரு தன்னார்வ அமைப்பின் அறிக்கையிலிருந்து எடுத்தது. 2010 ஜனவரியில் தவறென்று ஒப்புக்கொண்டார்கள். அதே வருடம் உலக அறிவியல் அகாடமிகளின் மறுஆய்வுக் குழு, ஐபிசிசிக்கு நலமுரண் விதியே இல்லை என்று சுட்டிக்காட்டியது. 2011இல்தான் விதி வந்தது. அறிக்கை எழுதும் விஞ்ஞானிகளுக்கு ஐபிசிசி சம்பளம் தருவதில்லை என்பது உண்மை. ஆனால் சம்பளம் இல்லாத பதவியிலும் நலன் இருக்க முடியும், அறக்கட்டளைக் கணக்கு பார்த்தவர்களைக் கேளுங்கள்.

கொள்கை என்று வந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள்

அறிவியலில் பணம் சாய்க்கிறது. கொள்கையில் அது நேராக நடக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எச்எஃப்சி-23. எச்சிஎஃப்சி-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது உபரியாக வருவது இது. இதன் ஒரு டன், கரியமில வாயு 11,700 டன்னுக்குச் சமம் என்று கியோட்டோ காலநிலை ஒப்பந்தக் கணக்கில் வைத்தார்கள். ஒரு டன்னை எரித்து அழித்தால் 11,700 கிரெடிட், அதாவது விற்றுக் காசாக்கக்கூடிய குறைப்புச் சான்று. அழிக்க ஆகும் செலவோ சொற்பம். விளைவு, சீனாவிலும் இந்தியாவிலும் சில ஆலைகளுக்கு விற்கும் சரக்கைவிட அழிக்கும் கழிவில் வருமானம் அதிகம். அழிப்பதற்காகவே உற்பத்தி நடக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. 2013 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்த கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. இத்தனையிலும் வேதியியல் சரி. 11,700 என்ற எண்ணில் மோசடி இல்லை. அந்த எண்ணின் மேல் எழுதப்பட்ட காசோலைதான் பிரச்சினை.

காட்டைக் காத்து கார்பன் கிரெடிட் விற்கும் திட்டங்களிலும் இதே கதை. "நாங்கள் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்" என்ற அடிப்படைக் கணக்கை விற்பவரே போடுகிறார். 2023இல் சயன்ஸ் இதழில் 26 திட்டங்களைச் சோதித்தபோது பெரும்பாலானவை காடழிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்திருக்கவில்லை. சரிபார்க்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குச் சம்பளம் கொடுப்பதும் திட்டத்தை நடத்துபவர்தான். (எங்கள் தொழிலிலும் தணிக்கைக் கட்டணத்தைத் தணிக்கை செய்யப்படும் கம்பெனிதான் கொடுக்கிறது. நான் சிரிக்கவில்லை.)

ஆகவே கொள்கை அறிவிப்பு ஏதாவது வந்தால் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு மூன்றைக் கேளுங்கள். எந்த அடிப்படை அளவோடு ஒப்பிட்டுக் குறைப்பை அளக்கிறார்கள்? அளக்கிறவருக்குச் சம்பளம் யார்? குறைப்பு நடக்கவில்லை என்று பின்னால் தெரிந்தால் யார் பணத்தைத் திருப்பித் தருவார்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது. இங்கே பிசகியதை வைத்து அறிவியலும் பொய் என்று தாவாதீர்கள். மைத்துனர் வழக்கமாகத் தாவும் இடம் இது.

எழுதி வைக்கும்போது

கடைசியில் ஒரு வரிக் கருத்து எழுதுங்கள், தணிக்கை அறிக்கை மாதிரி. தடையற்ற சான்று, நிபந்தனையோடு சான்று, கருத்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை, ஏற்க முடியாது என்ற நான்கில் ஒன்று. "காசு வாங்கியவர்" என்பது இந்த நான்கில் எதற்கும் காரணமாக எழுதப்படக் கூடாது. எந்த வவுச்சரைத் திறந்தீர்கள், அதில் என்ன கண்டீர்கள் என்பதுதான் காரணமாக வரலாம். எதையும் திறக்கவில்லையென்றால் மூன்றாவதை எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த தரப்பின் கட்டுரையை முதலில் எடுங்கள், களைப்பில்லாதபோது கண் கூர்மையாக இருக்கும்.

என் கணக்கில் எத்தனால் நிபந்தனையோடு நிற்கிறது. பூமி சூடாகிறது, காரணம் நாம் என்பதற்குத் தடையற்ற சான்று. காட்டு கிரெடிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றில்லை. மைத்துனர் நேற்று அனுப்பியதை இன்னும் திறக்கவில்லை, எனவே அதற்கு மூன்றாவது.